கர்ப்பிணிகளுக்கான இடுப்புத்தளத் தசைப் பயிற்சி: ஏன், எப்போது, எப்படி?

கர்ப்ப காலப் பரிசோதனைக்கு வரும் பெண்கள் எங்களிடம் தயக்கமின்றிச் சொல்லும் தொல்லைகள் பல: வாந்தி, நெஞ்செரிச்சல், கால் வீக்கம், முதுகுவலி, உறக்கமின்மை. இருமும்போதும் தும்மும்போதும் சிரிக்கும்போதும் சிறுநீர் சிறிது கசிவதை மட்டும் பெரும்பாலோர் தாமாகச் சொல்வதில்லை. நாங்கள் கேட்ட பின்னரே, அதுவும் உடன் வந்தவர்கள் சற்று விலகிய பின்னரே, ஆம் என்று தலையசைக்கிறார்கள். "பிள்ளை பெறுகிறவளுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று வீட்டில் யாரேனும் முன்பே சொல்லியிருப்பார்கள்.

அப்படி விட்டுவிடுவதால் வரும் இழப்பு சிறிதன்று. கசிவுக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள்; அதனால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வருகின்றன. பேருந்துப் பயணத்தையும் உறவினர் வீட்டு விசேஷங்களையும் தவிர்க்கிறார்கள். கோவளம் கடற்கரையில் விடியற்காலையிலேயே மீன் வாங்கிக் கூடையுடன் தெருத்தெருவாகச் செல்லும் பெண்ணும், சிறுசேரி அலுவலகத்தில் நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெண்ணும் வாழ்க்கை முறையில் வேறுபட்டவர்கள். இந்தத் தொல்லையை மறைப்பதில் இருவரும் ஒன்றுபோலவே இருக்கிறார்கள்.

கர்ப்ப காலத்தில் சிறுநீர்க் கசிவு பரவலானதுதான். ஆனால் அது பெரும்பாலும் தசைத் தளர்ச்சியால் வருவது. தசை என்றால் பழக்கி வலுப்படுத்தலாம். கசிவு தொடங்குவதற்கு முன்பே, கர்ப்ப காலத்திலேயே, சரியான முறையைக் கற்றுக்கொண்டு நாள்தோறும் செய்துவந்தால் பலருக்கு அதைத் தடுக்க முடியும். அந்த முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடுப்புத்தளத் தசைகள் எவை?

குழந்தையைத் தூங்க வைக்கக் கட்டும் தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்புறத்தில் அந்தரங்க எலும்பிலிருந்து பின்புறத்தில் வால் எலும்பு வரை, அத்தகைய தூளி ஒன்று நம் இடுப்புக் கூட்டின் அடியில் கட்டப்பட்டுள்ளது. அதுவே இடுப்புத்தளம். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் அது கீழிருந்து தாங்குகிறது. சிறுநீர்த் துவாரம், யோனி, ஆசனவாய் ஆகிய மூன்று வழிகளும் அதன் ஊடாகவே வெளியே வருகின்றன.

இத்தசைகளுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, நாள் முழுவதும் உறுப்புகளைத் தளராமல் தாங்குவது. மற்றொன்று, இருமல், தும்மல், சுமை தூக்குதல் போன்ற வேளைகளில் வயிற்றுக்குள் திடீரென அழுத்தம் கூடும்போது, கண்ணிமைக்கும் நேரத்தில் இறுகிச் சிறுநீர் வழியை மூடுவது. இவ்விரண்டு வேலைகளுக்கும் ஏற்ப, பயிற்சியிலும் நிதானமாகப் பிடித்து நிற்பது, விரைவாக இறுக்குவது என இரு வகைகள் உள்ளன.

கர்ப்பமும் பிரசவமும் செய்யும் மாற்றங்கள்

கர்ப்பத்திற்கு முன் ஏறத்தாழ 70 கிராம் எடையுள்ள கருப்பை, பேறுகாலத்தில் ஒரு கிலோகிராமைத் தாண்டிவிடும். அதனுடன் ஏறக்குறைய 3 கிலோகிராம் எடையுள்ள குழந்தை, நச்சுக்கொடி, பனிக்குட நீர் ஆகிய அனைத்தின் பாரத்தையும் அந்தத் தூளி மாதக்கணக்கில் தாங்குகிறது. பிரசவத்திற்கு வழிவிடும் பொருட்டுச் சுரக்கும் ஹார்மோன்கள் தசைநார்களையும் இணைப்புத் திசுக்களையும் இளக்குகின்றன. பிறப்புவழிப் பிரசவத்தில் குழந்தையின் தலை வெளிவரும் வேளையில், தளத் தசையின் உட்பகுதி இழைகள் தம் இயல்பு நீளத்தைப்போல் மூன்று மடங்கு வரை நீள நேர்வதாகக் கணினி மாதிரி ஆய்வுகள் காட்டுகின்றன. குழந்தையின் எடை மிகுந்திருந்தாலும், முக்கும் கட்டம் நீண்டாலும், ஆயுதம் கொண்டு குழந்தையை எடுக்க நேர்ந்தாலும் பாதிப்பு கூடுகிறது.

"சிசேரியன் என்றால் இந்தக் கவலை இல்லை அல்லவா?" என்று பலர் கேட்கிறார்கள். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நிகழும் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன் முறையில் நிகழ்கின்றன. ஆகவே கேள்வி நியாயமானதே. சிசேரியன் பின்னாளில் கசிவு வரும் வாய்ப்பைக் குறைக்கிறது, அடியோடு நீக்குவதில்லை. ஒன்பது மாதங்கள் பாரம் சுமந்தது அதே தளம்தான். எந்த முறையில் பிரசவம் நடப்பதாயினும் பயிற்சி தேவை.

பயிற்சியால் பயன் உண்டு என்பதற்குச் சான்று

இந்தப் பயிற்சியை 1948இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் மருத்துவ இதழில் விளக்கி எழுதினார். அதனால் இன்றும் இதற்குக் கெகல் பயிற்சி என்ற பெயர் வழங்குகிறது. நம் நாட்டு யோக மரபில் மூலபந்தம் என்பதும் இதே தசைகளை மேலே இழுப்பதே; ஹட யோகப் பிரதீபிகை அதை விவரிக்கிறது. ஆனால் யோக முறையில் மூலபந்தத்தை மூச்சடக்கத்துடன் சேர்த்துச் செய்வது உண்டு. கர்ப்பிணிகள் மூச்சை அடக்கக் கூடாது. எனவே முன்பே யோகா பழகியவர்களும் கீழே கூறும் முறையையே பின்பற்ற வேண்டும்.

நார்வேயின் ட்ரோன்ட்ஹெய்ம் நகரில் முதன்முறை கருவுற்ற 301 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் 20ஆம் வாரத்திற்கும் 36ஆம் வாரத்திற்கும் இடையே 12 வாரங்கள் இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் பயிற்சி செய்தனர். வீட்டிலும் நாள்தோறும் செய்தனர். மற்றப் பிரிவினர் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றனர். 2003இல் வெளியான முடிவு இது: 36ஆம் வாரத்தில், பயிற்சி செய்தவர்களில் 32 விழுக்காட்டினருக்கும் செய்யாதவர்களில் 48 விழுக்காட்டினருக்கும் கசிவு இருந்தது. பிரசவமாகி மூன்று மாதங்களுக்குப் பின் அது முறையே 20 விழுக்காடும் 32 விழுக்காடுமாக இருந்தது.

"தசை இறுகினால் சுகப்பிரசவம் தடைப்படாதா?" என்ற அச்சத்திற்கும் அதே ஆய்வு விடை தந்தது. முக்கும் கட்டம் ஒரு மணி நேரத்திற்கு மேல் நீண்டது பயிற்சி செய்தவர்களில் 24 விழுக்காட்டினருக்கு. செய்யாதவர்களில் 38 விழுக்காட்டினருக்கு. பழகிய தசையைத் தேவையானபோது தளர்த்தவும் இயலும் என்பதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே பயிற்சியில் இறுக்குவது பாதி; முழுமையாகத் தளர்த்துவது மறுபாதி.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம், 2021 டிசம்பரில் வெளியிட்ட நெறிமுறையில், கர்ப்பிணிகள் அனைவரையும் இப்பயிற்சிக்கு ஊக்குவிக்கச் சொல்கிறது. தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இடுப்புத்தளக் கோளாறு இருந்தால், 20ஆம் வாரம் முதல் மூன்று மாதங்கள் மேற்பார்வையுடன் பயிற்சி அளிப்பதைக் கருத்தில் கொள்ளவும் பரிந்துரைக்கிறது. இதன் பொருள் எளிது: உங்களுக்கு வரக்கூடியதைப் பற்றிய முக்கியமான தகவல் ஒன்று உங்கள் அம்மாவிடம் இருக்கலாம்.

சரியான தசையைக் கண்டறிதல்

காற்றுப் பிரிவதை நாலு பேர் நடுவில் அடக்க நேர்ந்தால் எந்தத் தசையை இறுக்குவீர்களோ, அதை இறுக்குங்கள். அந்த இறுக்கத்தை அப்படியே முன்னோக்கிக் கொண்டுவந்து, சிறுநீரை அடக்குவதுபோல் யோனிப் பகுதியையும் சேர்த்து உள்ளே, மேலே இழுங்கள். உள்ளே ஏதோ உயர்வதுபோல் உணர்ந்தால் அது சரியான அசைவு. வெளியிலிருந்து பார்ப்பவர் எவருக்கும் நீங்கள் பயிற்சி செய்வது தெரியக் கூடாது.

பெரும்பாலோர் செய்யும் தவறுகள் நான்கு:

1. மூச்சை அடக்குவது.
2. பிட்டத்தையும் தொடைகளையும் இறுக்குவது.
3. வயிற்றை எக்கிக்கொள்வது.
4. மேலே இழுப்பதற்குப் பதிலாக, மலம் கழிப்பதுபோல் கீழ்நோக்கி முக்குவது.

இவற்றுள் நான்காவது தீங்கானது. 1991இல் அமெரிக்காவில் 47 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், வாய்மொழி விளக்கம் மட்டும் கேட்டுச் செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரே சரியாகச் செய்தனர். நால்வரில் ஒருவர் கசிவை அதிகரிக்கக்கூடிய முறையில் செய்தார். எனவே, இக்கட்டுரையைப் படித்துத் தொடங்கினாலும், அடுத்த பரிசோதனைக்கு வரும்போது மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு கைக்கண்ணாடி கொண்டும் பார்க்கலாம்: இறுக்கும்போது யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி உள்ளே செல்ல வேண்டும், வெளியே புடைத்தால் முறை தவறு.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதைப் பயிற்சியாகச் செய்யாதீர்கள். சிறுநீர்ப்பை முழுதும் காலியாகாமல் தொற்று ஏற்பட அது இடமளிக்கும்.

செய்முறை

முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். தொடக்கத்தில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்துச் செய்வது எளிது. கர்ப்பத்தின் பிற்பாதியில் நெடுநேரம் மல்லாந்து படுக்க வேண்டாம். பழகிய பின் உட்கார்ந்தும், பிறகு நின்றும் செய்யலாம்.

1. நிதானப் பயிற்சி: தசையை உள்ளே, மேலே இழுத்து 3 விநாடிகள் பிடியுங்கள். இயல்பாக மூச்சு விடுங்கள். பிறகு முழுமையாகத் தளர்த்தி, அதே அளவு நேரம் ஓய்வு கொடுங்கள். இவ்வாறு 8 முறை.
2. விரைவுப் பயிற்சி: ஒரு விநாடி இறுக்கி உடனே தளர்த்துங்கள். இவ்வாறு 8 முதல் 10 முறை.
3. இவ்விரண்டையும் சேர்த்து நாளொன்றுக்கு மூன்று வேளை செய்யுங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும்.
4. எளிதாகத் தோன்றத் தொடங்கியதும் பிடிக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி 8 முதல் 10 விநாடி வரை கொண்டுசெல்லுங்கள்.

முதல் வாரத்தில் மூன்று விநாடிகூட நிற்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். எவ்வளவு நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மூன்று மாதங்களாவது விடாமல் செய்த பிறகே பயனை மதிப்பிட வேண்டும்.

இப்பயிற்சிக்குப் பெரும் தடை வலியோ களைப்போ அல்ல, மறதி. நாள்தோறும் தவறாமல் நிகழும் ஒன்றுடன் அதை இணைத்துவிடுங்கள். காலைக் காபி, மதிய உணவுக்குப் பின் அமரும் நேரம், இரவு படுக்கை என மூன்றும் பொருந்தும். பாங்கோசையும் மாதா கோயில் மணியோசையும் கேட்கும் ஊர் நம்முடையது; அவற்றையோ கைப்பேசி அலாரத்தையோ நினைவூட்டலாகக் கொள்ளலாம்.

அன்றாட வேலைகளில் காத்துக்கொள்ளுதல்

இருமல் வரப்போகிறது, தும்மல் வரப்போகிறது என்று உணர்ந்த கணத்தில் தளத் தசையை இறுக்கிக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குடத்தையோ மீன் கூடையையோ மூத்த குழந்தையையோ தூக்கும் முன்னரும் அவ்வாறே செய்யுங்கள். முதலில் தளம் இறுக வேண்டும், அதன் பிறகே சுமை எழ வேண்டும். தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள். ஐஸ் நிரப்பிய மீன் பெட்டிகளைக் கர்ப்ப காலத்தில் தனியாகத் தூக்கவே வேண்டாம். அதற்குத் துணை கேட்பதில் குறைவொன்றும் இல்லை.

மலச்சிக்கலைக் கவனியுங்கள். நாள்தோறும் முக்குவது பயிற்சியின் பயனைக் கெடுத்துவிடும். இரும்புச்சத்து மாத்திரை சிலருக்கு மலத்தை இறுக்கும். அதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள். கீரை, கொய்யா, வாழைப்பழம், போதிய தண்ணீர் ஆகியவை உதவும். கசிவுக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைப்பது, நம் கடலோர வெயிலில், ஒரு தொல்லைக்குப் பதில் மூன்றை வரவழைப்பதாகும்.

பிரசவத்திற்குப் பின்

பிறப்புவழிப் பிரசவமானால், வலி அனுமதிக்கும் அளவில் சில நாள்களுக்குள் மென்மையாகத் தொடங்கலாம். தையல் இருந்தாலும் மெதுவாக இறுக்கித் தளர்த்துவதால் தையல் பிரியாது. சிசேரியனானால், சிறுநீர்க் குழாயை அகற்றி இயல்பாகச் சிறுநீர் கழித்த பிறகு தொடங்கலாம். ஆசனவாய்த் தசை வரை கிழிந்து தையல் போடப்பட்டவர்கள் எங்கள் ஆலோசனைப்படியே தொடங்க வேண்டும்.

வயிற்றில் துணி கட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இதமாகக் கட்டினால் முதுகுக்குச் சற்று ஆதரவாக இருக்கலாம். மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழ்நோக்கித் தளத்தின்மேல் இறங்கும். எப்படிக் கட்டினாலும் துணி தசைக்கு வலுவூட்டாது.

தலைப்பிரசவத்திற்கு வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பல பெண்களின் பயிற்சி இந்த வீடு மாற்றத்தில்தான் நின்றுபோகிறது. பேறுகால ஏடு, மருந்துகள் ஆகியவற்றுடன் இந்தப் பயிற்சியையும் எடுத்துச் செல்லுங்கள்.

யார் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

இரத்தப்போக்கு உள்ளவர்கள், நச்சுக்கொடி கீழே அமைந்தவர்கள், கருப்பைவாய்த் தையல் போடப்பட்டவர்கள், குறைமாதப் பிரசவ வலி வந்தவர்கள் ஆகியோர் கேட்டபின் தொடங்க வேண்டும். பயிற்சியின்போது இடுப்பிலோ யோனியிலோ வலித்தால் நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள். சிலருக்குத் தளத் தசை ஏற்கெனவே இறுகியிருக்கும். அவர்களுக்குத் தளர்த்தும் பயிற்சியே மருந்து.

கீழ்க்கண்டவை தோன்றினால் காத்திருக்க வேண்டாம்:

1. கர்ப்ப காலத்தில் நீர் திடீரென வழிந்தாலோ, நில்லாமல் கசிந்துகொண்டே இருந்தாலோ, அது பனிக்குட நீராக இருக்கலாம். சிறுநீர் என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே வாருங்கள். வண்டி இல்லையெனில் 108ஐ அழையுங்கள்.
2. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், குளிர்காய்ச்சல், சிறுநீரில் இரத்தம்.
3. பிரசவத்திற்குப் பின் ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் பிரியாமை.
4. பிரசவத்திற்குப் பின் காற்றையோ மலத்தையோ அடக்க இயலாமை. யோனியில் ஏதோ இறங்கி நிற்பது போன்ற உணர்வு.

எங்கே உதவி பெறலாம்?

எங்கள் மகப்பேறு வெளிநோயாளர் பிரிவில் கேட்டால் போதும். தனியாக உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்வோம். அரசு மருத்துவ நிலையங்களில் 2016 முதல் நடைபெறும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்கீழ், ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்குக் கட்டணமின்றிப் பரிசோதனை நடைபெறுகிறது. அங்கும் இதைக் கேட்கலாம். மேல் சிகிச்சைக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

குடும்பத்தாருக்கு

கணவர்மார்களே, சுமை தூக்கும் வேலையைப் பிரசவத்திற்குப் பின் சில மாதங்களாவது நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பயிற்சிக்கான அந்த ஐந்து நிமிடம் குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாக்களுக்கும் மாமியார்களுக்கும் சொல்ல வேண்டியது வேறு. உங்களில் பலர் இத்தொல்லையை ஆண்டுக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் சுமந்திருப்பீர்கள். அதை மகளிடமோ மருமகளிடமோ சொல்வது வெட்கத்திற்குரியதன்று. சரியான நேரத்தில் அவள் பயிற்சியைத் தொடங்க அது காரணமாகும். உங்களுக்கும் காலம் கடந்துவிடவில்லை. ஐம்பது வயதிலும் அறுபது வயதிலும் இத்தசைகள் பயிற்சிக்கு இணங்கும். கருப்பை இறங்கியவர்களுக்கு யோனியினுள் பொருத்தும் வளையம், அறுவைச் சிகிச்சை போன்ற வழிகளும் உள்ளன. அடுத்த பரிசோதனைக்கு மகளை அழைத்து வரும்போது, வெளியே நாற்காலியில் காத்திருக்காமல் நீங்களும் உள்ளே வாருங்கள்.